.375 ஹாலண்ட் தோட்டாவும் அதன் இடுப்புப் பட்டையும்

.375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் தோட்டா ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் நீளம். 91 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ நடுவிரல் அளவு. அடுத்துக் கண்ணில் படுவது அடிப்பாகத்தில் பித்தளைக் கூட்டைச் சுற்றி ஓடும் ஒரு தடித்த வளையம். குழந்தைக்குக் கட்டிவிட்ட அரைஞாண் மாதிரி இருக்கும். இந்தத் தோட்டாவைப் பிடித்துப்போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கேட்டால், அந்த வளையம் கூட்டுக்குப் பலம் கொடுக்கிறது என்பார்கள். அது தவறு. அதன் வேலை வேறு. அந்த வேலை என்னவென்று புரிந்தால், 1912-ல் லண்டனில் பிறந்த ஒரு தோட்டா இன்றும் ஏன் விற்கிறது, எங்கே தொல்லை கொடுக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து புரிந்துவிடும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுப் பொருள். அதற்குள் நான்கு உறுப்புகள். முனையில் இருந்து பறந்து போவது குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் குப்பி கூடு. கூட்டுக்குள் இருப்பது மருந்து. கூட்டின் அடியில், நடுவில், சின்னப் பொட்டுப் போல இருப்பது கேப்பு. விசையை இழுத்தால் ஊசி கேப்பில் குத்தும், கேப்பு பொறி தரும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு குண்டைக் குழலுக்குள் தள்ளும். கூடு மட்டும் அறையிலேயே, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியிலேயே, நிற்கும். அதைக் கொக்கி போட்டு வெளியே இழுப்பது, அறையின் பின்வாயை மூடும் இரும்புத் தண்டான போல்ட்டின் வேலை.

.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரில் 9.5. ஹெச் அண்ட் ஹெச் என்பது லண்டன் துப்பாக்கிக் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். மேக்னம் என்ற சொல் ஒயின் கடையிலிருந்து வந்தது. வழக்கமான பாட்டிலைவிடப் பெரிய பாட்டிலுக்கு அந்தப் பெயர். அதே அளவு குண்டுக்கு வழக்கத்தைவிட அதிக மருந்து பிடிக்கும் கூடு என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் அதைத் தோட்டாவுக்கும் வைத்துவிட்டார்கள்.

தோட்டாவை எது நிறுத்துகிறது?

ஊசி கேப்பைக் குத்தும்போது தோட்டா முன்னால் நழுவக் கூடாது. நழுவினால் குத்தின் வேகம் வீணாகி கேப்பு வெடிக்காமல் போகலாம். வெடித்தால் இன்னும் மோசம்: பின்னால் இடைவெளி விட்டு நிற்கும் கூடு, அழுத்தத்தில் பின்பக்கமாக இழுபட்டு நீளும், சில சமயம் கிழியும். ஆகவே அறைக்குள் தோட்டா 'இதற்கு மேல் போகாதே' என்று முட்டி நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்து போல்ட்டின் முகம் வரை உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். துப்பாக்கி செய்பவர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்துச் செய்யும் அளவு அது.

முட்டி நிற்க வழிகள் பல. பழையது விளிம்பு. ஆணிக்குத் தலை இருப்பது போலக் கூட்டின் அடி அகன்று இருக்கும், அந்தத் தலை அறையின் வாயில் மாட்டிக்கொண்டு நிற்கும். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த த்ரீ நாட் த்ரீ தோட்டா அந்த ரகம். எளிமையான, நம்பகமான ஏற்பாடு. ஆனால் அடுத்தடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் பெட்டியான மேகசினில் அடுக்கும்போது வம்பு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிவிட்டால், போல்ட்டைத் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் மேகசினே கிடையாது, ஒவ்வொன்றாகக் கையால் போடுவதுதான். அங்கே விளிம்பு பிரச்சினையே இல்லை.

இன்னொரு வழி தோள். கூடு பாட்டில் மாதிரி மேலே குறுகும் இடத்தைத் தோள் என்கிறோம். அறையிலும் அதே சரிவு இருக்கும், தோள் போய் அதில் முட்டும். ஜெர்மன் மாஸர் துப்பாக்கிகள் இதைத்தான் பின்பற்றின. விளிம்பு இல்லாததால் மேகசினில் வழுக்கிக்கொண்டு ஏறும். ஆனால் தோள் நன்றாகச் சரிந்திருந்தால்தான் நிறுத்தம் உறுதியாக இருக்கும். மெலிந்த, வழுக்கும் தோள் என்றால் ஆப்பு இறங்குவது போல உள்ளே இறங்கும். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஹாலண்டுக்குச் சிக்கல் இங்கேதான். அவர்களுக்கு மேகசின் துப்பாக்கியில் ஓடும் தோட்டா வேண்டும், அதனால் விளிம்பு ஆகாது. அவர்கள் கூடோ தோள் மெலிந்தது. .375-இன் தோள் சரிவு 15 பாகைதான். அதனால் மூன்றாவது வழி பிடித்தார்கள். விளிம்பை வெளியே நீட்டாமல், அதற்குச் சற்று மேலே கூட்டையே தடிக்க வைத்து ஒரு பட்டை. பட்டையின் முன்விளிம்பு அறையில் வெட்டிய படியில் முட்டி நிற்கும். பட்டையின் விட்டமும் அடியின் விட்டமும் ஒன்றே, 13.5 மி.மீ., ஆகவே மேகசினில் சிக்காது. ஆணித்தலையின் உறுதியும் மாஸரின் வழுக்கலும் ஒன்றாகக் கிடைத்தன. இந்த யோசனையை 1905-லேயே .400/375 என்ற சிறிய தோட்டாவில் சோதித்துவிட்டார்கள். 1912-இன் .375 அதன் வளர்ந்த வடிவம். இரட்டைக் குழல்காரர்களுக்காக, பட்டை இல்லாத, விளிம்பு வைத்த பதிப்பு ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

சரி, தோளை ஏன் அவ்வளவு மெலிதாக வைத்தார்கள்? அக்கால மருந்துதான் காரணம்.

அன்று பிரிட்டிஷ் தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து. நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலையின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வாசலினும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காய்ந்த இடியாப்ப இழை மாதிரி குச்சிகளாக வெட்டுவார்கள். கூட்டுக்குள் அந்தக் குச்சிகள் கட்டாக நிற்கும். நீண்டு, மேலே போகப் போக மெலியும் கூடு அவற்றுக்கு வசதி.

கார்டைட்டின் கெட்ட குணம், வெயிலில் அதன் கோபம் ஏறும். லண்டன் குளிரில் சரியாகச் சுட்ட தோட்டா, ஆப்பிரிக்க நண்பகலில் அதிக அழுத்தம் காட்டும். அழுத்தம் கூடினால் பித்தளை விரிந்து அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், போல்ட் திறக்காது. எதிரே காயம்பட்ட எருமை நிற்கும்போது அது நடக்கக் கூடாது. இதற்கு ஹாலண்ட் கண்ட வழி இரண்டு. ஒன்று, பெரிய கூடு, அதற்குள் அழுத்தம் மிதமாக. இரண்டு, கூட்டின் உடலில் நல்ல சரிவு. அடியில் 13 மி.மீ. விட்டம், தோள் வரும்போது 11.4 மி.மீ. புட்டுக் குழலில் இருந்து புட்டைக் கடைசி வரை குச்சியால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். குல்ஃபி அச்சில் சற்றே அசைந்தால் போதும், முழுதும் கழன்றுவிடும். சரிந்த கூடு குல்ஃபி மாதிரி. ஒரு நூலளவு பின்னால் வந்ததும் சுவரைத் தொடாமல் கழன்றுவிடும். உள்ளே போகும்போதும் அப்படியே. மெல்லிய மூக்கு அகன்ற அறைக்குள் நுழைவதால் எங்கும் முட்டாமல் எண்ணெய் விட்டாற்போல் ஏறும். இந்தத் தோட்டாவை வைத்திருப்பவர்கள் முதலில் புகழ்வது அதன் வலிமையை அல்ல, இந்த வழுக்கலைத்தான். போல்ட்டைத் தள்ளும் கைக்கு அது தெரியும்.

இந்த இடத்தில் இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை. .470, .465, .475 என்று பழைய யானைத் துப்பாக்கிகளின் எண்கள் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் .450 அளவு. அவை கலகக்காரர்கள் கையில் இருந்தால் வேட்டைத் தோட்டா அவற்றுக்குப் பயன்படும் என்று பயந்து, 1907-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குள் .450 தோட்டாக்களைத் தடைசெய்தது. உடனே லண்டன் கம்பெனிகள் எல்லாம் தடைக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் அளவுகளைக் கண்டுபிடித்தன. .375-க்கு அந்தச் சங்கடம் வரவில்லை, அது தடைக்கோட்டுக்கு வெகு கீழே.

அரைஞாண் ஒட்டியாணமான கதை

ஹாலண்ட் முதலில் இந்தத் தோட்டாவைத் தனக்கென்றே வைத்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகே மற்றவர்களுக்கும் விட்டது. 1925-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 1937-ல் வின்செஸ்டரின் மாடல் 70 துப்பாக்கி இந்த அளவில் வந்தது. அதுவரை இதற்கு நீண்ட மேக்னம் மாஸர் வேண்டும், அது பணக்காரர் சமாச்சாரம். சாதாரண மாஸர் 98-ஐ இந்த நீளத்துக்குக் குடைவதும் நடந்தது. குடையும்போது, போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு குறையும். பழைய துப்பாக்கி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அமெரிக்கர்கள் கூட்டையும் பிடித்துக்கொண்டார்கள். 1956-ல் .458 வின்செஸ்டர், 1958-ல் .338, .264, 1962-ல் 7 மி.மீ. ரெமிங்டன், 1963-ல் .300 வின்செஸ்டர். எல்லாமே ஹாலண்ட் கூட்டை வெட்டியும் விரித்தும் செய்தவை. அத்தனையிலும் பட்டை உண்டு. ஆனால் .338-க்கும் .300-க்கும் 25 பாகையில் நல்ல தோள் இருக்கிறது. தோளிலேயே அழகாக முட்டி நிற்கும். பட்டைக்கு அங்கே வேலை இல்லை. வாங்குபவர் மனத்தில் பட்டை என்றால் மேக்னம், மேக்னம் என்றால் வலிமை என்று பதிந்துவிட்டது, அதனால் கழற்றவில்லை. தேவைக்குக் கட்டிய அரைஞாண் அழகுக்கு அணியும் ஒட்டியாணம் ஆயிற்று. விதிவிலக்கு .458. அதற்குத் தோளே கிடையாது, நேரான குழாய். அங்கே பட்டை இல்லாவிட்டால் தோட்டா நிற்க இடமில்லை.

பட்டையில்லாமல் முடியும் என்பதற்குச் சான்று ஹாலண்டுக்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. 1911-இன் .416 ரிக்பி பெரிய தோட்டா, பட்டை இல்லை, அது தோளில்தான் நிற்கிறது. 2007-ல் வந்த .375 ரூகர் இன்னும் நேரடியான பதில். ஹாலண்ட் பட்டையின் அகலத்தையே கூட்டின் உடல் அகலமாக வைத்து, நீளத்தைக் குறைத்து, பட்டையை எடுத்துவிட்டார்கள். வலிமை ஹாலண்டுக்குச் சமம், சாதாரண நீளத் துப்பாக்கியில் அடங்கும். கணக்குப்படி ரூகர்தான் புத்திசாலித்தனம். ஆனால் ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர்க் கடையில் தோட்டா தீர்ந்துபோய் நிற்பவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம் ஹாலண்ட்தான். தோட்டா விஷயத்தில் இது சின்னக் காரணம் இல்லை.

பட்டை கொடுக்கும் தொல்லை

கூட்டின் அடியிலிருந்து பட்டையின் முன்விளிம்பு வரை 5.6 மி.மீ. ஹெட்ஸ்பேஸ் என்று கட்டுப்படுத்துவது அந்தத் துண்டை மட்டும்தான். அதற்கு மேலே தோள் வரை இருக்கும் சுமார் 55 மி.மீ.க்கு யாரும் பொறுப்பில்லை. தொழிற்சாலைகள் அந்த இடத்தில் அறையைத் தாராளமாக விட்டுவிடுவது வழக்கம், எந்தக் கம்பெனித் தோட்டாவும் தங்கு தடையின்றி உள்ளே போகட்டும் என்று.

சுட்டதும் என்ன நடக்கிறது? கூட்டின் மேல்பாகம் மெல்லிய சுவர், அது விரிந்து அறையைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகம் தடித்தது, அது போல்ட் வரை பின்னால் வரும். தோள் முன்னால் ஓடிப்போய்க் காலி இடத்தை நிரப்பும். இத்தனைக்கும் பித்தளை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பட்டைக்குச் சற்று மேலே, தடித்த அடியும் மெல்லிய சுவரும் சந்திக்கும் இடம்தான் நீண்டு மெலிகிறது.

ஒரு தடவை சுட்டு எறிந்துவிடுபவருக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் காலிக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுவது சாதாரணம். தொல்லை அவர்களுக்கு. கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சை, பெட்டியில் எழுதியிருப்பது போல முழுக்க இறக்கி வைத்தால், தோள் தொழிற்சாலை அளவுக்கே பின்னால் தள்ளப்படும். அடுத்த சுடுதலில் மறுபடி முன்னால் ஓடும். தள்ளுவதும் ஓடுவதுமாக நாலைந்து தடவையில் பட்டைக்கு மேலே ஒரு பளபளப்பான கோடு கூட்டைச் சுற்றித் தெரியும். அதற்கடுத்து ஒருநாள் போல்ட்டைத் திறந்தால் அடிப்பாகம் மட்டும் வரும், மிச்சக் குழாய் அறைக்குள்ளேயே நிற்கும்.

வெளியே கோடு தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியில் 2 மி.மீ. அளவுக்கு வளைத்து, அந்த நுனியைக் கூராகத் தீட்டிக்கொள்ள வேண்டும். கூட்டின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடிவரை கொண்டுபோய், சுவரை அழுத்தியபடி மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். கெட்டுப்போன கூட்டில் பட்டைக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் விழுந்து சிக்கும். சிக்கினால் அந்தக் கூட்டைப் பழைய பித்தளைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. அச்சை முழுக்க இறக்காமல், தோள் சுட்ட நிலையிலிருந்து 0.05 மி.மீ. மட்டும் பின்னால் போகும்படி வைத்தால் போதும். அப்போது தோட்டா பட்டையை மறந்துவிட்டுத் தோளில் நிற்கும். அதாவது, அனுபவப்பட்டவர்கள் பட்டையுள்ள தோட்டாவைப் பட்டை இல்லாதது போலத்தான் நடத்துகிறார்கள். ஒரே நிபந்தனை, அந்தக் கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான்.

பறந்து போவது என்ன?

குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். .375-க்கு மூன்று எடைகள் மரபு: 235, 270, 300. கிராமில் 15.2, 17.5, 19.4. இன்று பெரும்பாலும் ஓடுவது 300. குழல் வாயில் நொடிக்குச் சுமார் 770 மீட்டர், ஆற்றல் சுமார் 5,780 ஜூல். 270 சற்று வேகம், நொடிக்கு 820 மீட்டர்.

ஜூல் கணக்கு வெறும் பெருமைக்கு அல்ல. யானை, எருமை போன்றவற்றுக்கு நமீபியாவின் சட்டம் குறைந்தது 5,400 ஜூல் கேட்கிறது. ஜிம்பாப்வேயில் 5,300 ஜூலும் 9.2 மி.மீ. விட்டமும் வேண்டும். .375 இரண்டையும் தாண்டிவிடுகிறது, ஆனால் கொஞ்சம்தான் தாண்டுகிறது. ஆபத்தான விலங்குக்கு இது கீழ்வரம்பு. அதனால்தான் கூட்டிப் போகும் வழிகாட்டிகள் கையில் .416, .458, .470 இருக்கும். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

.375-இன் உண்மையான பலம் கீழ்வரம்பில் நிற்பதில்தான். இதைவிடப் பெரியவை பெரும்பாலும் கிட்டத்தில்தான் உதவும். இது 183 மீட்டருக்குக் குறி வைத்த துப்பாக்கியில் 90 மீட்டரில் சுமார் 5 செ.மீ. மேலே போகும், 275 மீட்டரில் கால் மீட்டருக்கும் சற்று அதிகமாகக் கீழே விழும். ஆகவே காலையில் திறந்தவெளியில் தூரத்து மானுக்கும், மாலையில் புதருக்குள் எருமைக்கும் ஒரே துப்பாக்கி. அலாஸ்காவில் பெரிய கரடிக்கும் இதே. எந்த எடைக் குண்டைப் போட்டாலும் ஒரே இடத்தில் படும் என்று ஒரு புகழும் இதற்கு உண்டு. பல துப்பாக்கிகளில் கிட்டத்தட்ட உண்மை, எல்லாவற்றிலும் இல்லை. தாளில் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

குண்டில் இரண்டு குணம். முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு, உடலில் பட்டதும் காளான் போல விரிந்து அகலமாகக் கிழிக்கும். திடக் குண்டு விரியாது, எலும்பைத் துளைத்து நேராகப் போகும். மான் வகைக்கு மென்முனை. யானையின் மண்டைக்குத் திடம். எருமைக்கு முதல் வெடி மென்முனை, பின்னால் மேகசினில் திடம் என்பது பழைய வழக்கம். கூட்டமாக நிற்கும் எருமையில் திடக் குண்டை முதலில் போட்டால், ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயம்பட்டதைத் தேடிப் புதருக்குள் போவது யாருக்கும் பிடிக்காத வேலை.

பின்னுதையைச் சொல்லாமல் விடக்கூடாது. 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளுக்குள் வரும். ஆற்றலில், சாதாரண வேட்டைத் தோட்டாவான .30-06-ஐப் போல இரண்டு மடங்கு. ஆனால் உதை சாட்டையடியாக இராது, ஓங்கித் தள்ளுவது போல இருக்கும். புதியவர்கள் செய்யும் தப்பு, மேசையில் சாய்ந்து உட்கார்ந்து இருபது தோட்டா சுடுவது. மேசையில் உடம்பு பின்னால் போக இடமில்லை, எல்லாவற்றையும் தோள் எலும்பு வாங்கும். பிறகு விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், குறி தவறும். குறி சரிபார்க்க மூன்று நாலு வெடி மேசையில், மீதிப் பயிற்சி நின்றுகொண்டு, கவைக்கோலில் வைத்து. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே 9 செ.மீ. இல்லாவிட்டால் புருவத்தில் பிறைத் தழும்பு நிச்சயம்.

உதை மேகசினுக்குள்ளும் வேலை செய்யும். காத்திருக்கும் தோட்டாக்கள் ஒவ்வொரு வெடிக்கும் முன்சுவரில் மோதும், குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். இதற்காகத்தான் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கி மடித்திருப்பார்கள். மடிப்பு இல்லாத தோட்டாவை இந்தத் துப்பாக்கியில் போடக் கூடாது.

மாஸர் பாணித் துப்பாக்கியில் இன்னொரு கவனம். அதன் பெரிய கொக்கி, தோட்டா மேகசினிலிருந்து மேலே ஏறும்போதே அடியைப் பிடித்துக்கொள்ளும் விதமாகச் செய்தது. அவசரத்தில் தோட்டாவை நேரே அறைக்குள் போட்டுப் போல்ட்டை அறைந்து மூடினால், கொக்கி கூட்டின் அடியின் மேல் ஏற முடியாமல் முனை உடையலாம். இன்னொரு தோட்டா வேண்டும் என்றாலும் மேகசினில் அழுத்தி, அங்கிருந்தே ஏற்ற வேண்டும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் எழுத்தை மட்டும் பார்க்காமல், கூட்டின் அடியில் குத்தியிருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். .375 என்று தொடங்கும் தோட்டாக்கள் ஒரு கூட்டமே இருக்கிறது: ஹாலண்டின் விளிம்புப் பதிப்பு, 1899-இன் பழைய நைட்ரோ எக்ஸ்பிரஸ், 1978-இல் வந்த வின்செஸ்டர், ரூகர், வெதர்பி. குண்டின் விட்டம் ஒன்றாக இருப்பதால் பார்வைக்கு உறவுக்காரர்கள் போலத்தான் தெரியும். கூடும் அழுத்தமும் வேறு வேறு. அடியில் ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்று இருந்து, பட்டையும் இருந்தால் மட்டுமே இந்தத் துப்பாக்கிக்குள் போக வேண்டும்.